வியர்த்த உடம்பில் காற்றுப் படலாமா?

தார்மா (பெரு), 14 ஜூன் 1998

செனோபியா அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று நீயும் என்னைக் கேட்கவில்லை. என் புருஷனைத்தானே கேட்டிருக்கிறாய்!

ருஃபோவுக்கு நீ எழுதிய கடிதத்தை அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி உரக்கப் படித்தார். பிள்ளைகள் இரண்டும் சூப்பை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன. "இஸ்திரி போடும் பெண் சூட்டோடு காற்றில் போனால் சூடு உள்ளே திரும்பிக்கொள்ளும். வாய் கோணும், புத்தி பிசகும். என் தங்கைக்கு அதுதான் ஆகியிருக்கிறது. அவளை வெளியே விடாதீர்கள், முக்கியமாக அந்தக் கைப்பந்தாட்டத்துக்கு." படித்து முடித்ததும் ருஃபோ என் வாயை உற்றுப் பார்த்தார், கோணியிருக்கிறதா என்று.

மறுநாள் என் ஷூவைக் காணோம். வீடெல்லாம் தேடினேன். சமையலறையில் கறிக்கு வளர்க்கிற கினிப்பன்றிகளை அடைக்கிற மூலையில், வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. ஒரு ஷூவின் வாரை அவை பாதி தின்றுவிட்டன. கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். போய் ஆடினேன். அதையும் தெரிந்துகொள்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. சொல்ல ஏதாவது இருந்தால் என் பெயருக்கு எழுது. கடைக்கு ஃபோன் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்லாதே, அங்கே ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். நம் சண்டை ஊருக்குப் பொழுதுபோக்கு ஆகவேண்டாம்.

எதெல்மிரா


லிமா, 22 ஜூன்

எதெல்,

உன் கடிதம் வந்தது. அக்காவுக்கு எழுதுகிற மொழியா அது?

ஊருக்குப் பொழுதுபோக்கு ஆகவேண்டாமாம். மார்ச் மாதம் அம்மாவின் நினைவு நாள் பூசை முடிந்து, பாதிரியார் சாப்பிட உட்கார்ந்த வேளையில், சூப்புச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தது யார்? "எல்லாரும் என் வீட்டை விட்டுப் போங்க!" என்று கத்தியது யார்? அந்தச் சுவரைத் தேய்த்துக் கழுவியது நான். அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு, இது உன் குணம் இல்லை, உடம்பு என்று.

இருபத்தாறு வருடமாக இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறாய். அம்மா நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் என்ன? பெட்டியை வைத்த கையைத் தண்ணீரில் வைக்காதே. வியர்த்த உடம்போடு வாசலைத் தாண்டாதே. நீ தாண்டியிருக்கிறாய். அதனால்தான் நினைத்த நேரத்தில் உடம்பு தீயாக எரிகிறது, அழுகை வருகிறது, கோபம் வருகிறது. அதைத் தணிக்கத் தெரியாமல், ஐம்பதை எட்டப்போகிற பெண் சந்தைக்காரிகளோடு சேர்ந்து பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்தை அடிக்கிறாள். மலைக்காற்று நேரே நெஞ்சில் படுகிறது. வெட்கமாக இல்லையா?

துணிமணியைக் கட்டிக்கொண்டு என்னிடம் வா. என் பின்னறையில் நாற்பது நாள் இரு. ஜன்னலை அடைத்து, கம்பளி போர்த்தி, மூலிகைத் தண்ணீர் கொடுத்து நான் பார்த்துக்கொள்கிறேன். யாரோடும் பேச வேண்டாம். இது இரண்டு வருடத்தில் தானாகப் போய்விடும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செனோபியா


தார்மா, 1 ஜூலை

அக்கா,

ஜன்னலை அடைப்பாயா? அதை இங்கேயே செய்து பார்த்தாகிவிட்டது. உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, நான் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

மார்ச்சுக்கு அப்புறம் ருஃபோவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து என்னைப் படுக்கையில் போட்டார்கள். கதவிடுக்கில் துணியைத் திணித்தார்கள். மூன்று கம்பளி. உள்ளே நான். கழுத்துக்குக் கீழே அடுப்பை மூட்டியதுபோல் சூடு வரும், நனைந்துபோவேன், கம்பளியைத் தள்ளினால் யாராவது ஓடிவந்து மறுபடி போர்த்துவார்கள். ஏழு வாரம், அக்கா. முதல் வாரம் கத்தினேன். இரண்டாம் வாரம் அழுதேன். அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. தலை வாரவில்லை. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் எப்போது எழுந்து போவாள் என்று இருந்தது. நான் இல்லாமல் போனால் இந்த வீட்டுக்கு நிம்மதி என்று ஒருநாள் மிகவும் அமைதியாக நினைத்தேன். அந்த அமைதியை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

என்னைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனது மீன் விற்கிற கார்லோட்டா. உனக்கு அவளைப் பிடிக்காது, தெரியும். அங்கே நூரியா என்று ஒரு டாக்டர், என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். நான் சூட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"கடைசியா எப்ப சிரிச்சீங்க?"

நான் விரலை மடக்கி மாதங்களை எண்ணத் தொடங்கினேன்.

"இஸ்திரிப் பெட்டிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. மாசாமாசம் வர்றது நிக்கிற வயசு இது. சூடு வரும், தூக்கம் கெடும், மனசு கெட்டுப்போகும். உங்களை யாரு படுக்கையில கட்டிப்போட்டது? எழுந்து ஆடுங்க. வாரத்துல நாலு நாள், மூச்சு வாங்குற அளவுக்கு. கனமா எதையாவது தூக்குங்க, எலும்புக்கும் நல்லது."

"காத்துப் படுமே?" என்றேன்.

"படட்டுமே!"

இன்னொன்றும் சொன்னாள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "சூடு இதால நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நிக்காமலும் போகலாம். மனசுக்குத்தான் சொல்றேன். மாசம் ஒருதரம் என்னை வந்து பாக்கணும். இருட்டு விலகலைன்னா மருந்து இருக்கு, அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல."

கார்லோட்டா என்னை விடவில்லை. சந்தைக்குப் பின்னால் மாலை நாலு மணிக்கு அவர்கள் வலை கட்டுவார்கள். முதல் நாள் மூலையில் நின்றேன். பந்து என் மூக்கில் பட்டது. எல்லாரும் சிரித்தார்கள், எனக்குக் கோபம் வந்தது, ஏழு வாரத்துக்கு அப்புறம் வந்த முதல் கோபம்! பந்தை எடுத்து ஓங்கி அடித்தேன். யாருடைய முகத்தை நினைத்து அடித்தேன் என்று கேட்காதே. உன் முகம்தான்.

சூடு போகவில்லை. இப்போதும் வருகிறது, வந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன். ஆனால் இரவு தூங்குகிறேன். சாப்பாடு ருசிக்கிறது. மகளோடு சண்டை போடுகிறேன், சமாதானம் ஆகிறேன். மறுபடி இஸ்திரி போடுகிறேன், போன வாரம் நடனக்காரர்களின் பாவாடை பன்னிரண்டு. ஆடாத நாளில் வித்தியாசம் எனக்கே தெரிகிறது, ருஃபோவுக்கும் தெரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இப்போது என் கேள்வி. இரண்டு வருடத்தில் போய்விடும் என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு எப்படித் தெரியும்? ஏழு வயது மூத்தவள் நீ. உனக்கும் இது வந்திருக்கும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, எனக்கு ஏன் சொல்லவில்லை?

எதெல்


லிமா, 9 ஜூலை

எதெல்மிரா,

உன் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சிலவற்றைப் பேசக்கூடாது என்று அம்மா வளர்த்தாள், நான் அப்படித்தான் இருக்கிறேன்.

சுதந்திர தினத்தன்று ஊர் முழுக்கக் கூடியிருக்க, பிளாசா சதுக்கத்தில் உங்கள் சந்தைக் குழு ஆடப்போகிறதாம். ருஃபோ எழுதியிருக்கிறார். பாவம் அந்த மனிதர், வெளியே தலைகாட்ட முடியவில்லை என்கிறார். உனக்கு லிமாவுக்கு டிக்கெட் எடுத்துவைத்துவிட்டார். நான் அன்றைக்கே, இருபத்தெட்டாம் தேதி, வருகிறேன். வந்து உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போவேன். அறை தயாராக இருக்கிறது.

நேற்று வந்த டாக்டர் பெண் சொன்னாளாம். உன்னைத் தூக்கி வளர்த்தவள் சொல்வது காதில் ஏறவில்லை.

செனோபியா


தார்மா, 1 ஆகஸ்ட்

செனோபியா,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

இரண்டாவது செட். பதினொன்றுக்குப் பதினொன்று. சர்வீஸ் போட நான் பந்தைக் கையில் வைத்திருக்கிறேன். நகராட்சித் தலைவர் முதல் ஐஸ் விற்பவர்வரை எல்லாரும் பார்க்கிறார்கள். நீ ஆடுகளத்தின் கோட்டைத் தாண்டி, நடுவர் விசில் ஊத ஊத, பயணப் பையைத் தோளில் மாட்டியபடி நேரே உள்ளே நடந்து வருகிறாய். கையில் கம்பளி. என் தலைமேல் போட்டு, குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி, "காத்து வருதுடி, காத்து வருது!" என்று கத்துகிறாய்.

ஊரே சிரித்தது. நடுவர் புள்ளியை எதிரணிக்குக் கொடுத்தார். "கம்பளிக்கு விதியில இடமில்ல அம்மா" என்றார், அதற்கும் சிரித்தார்கள்.

கம்பளியைப் பிடுங்கி மண்ணில் எறிந்தேன், ஆமாம். உன்னைத் தள்ளினேன், அதுவும் ஆமாம். ஆனால் நான் கேட்டது என்ன? "உன்னை யாரு இப்படிப் போர்த்தினாங்க? சொல்லு! யாரு?" இவ்வளவுதான் கேட்டேன். நீ என்னை அறைந்தாய். சரி, அறைந்துவிட்டுப் போ. ஆனால் அதற்கப்புறம் அங்கேயே, ஆடுகளத்துக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டாயே, அது என்ன? முகத்தில் ஒன்றுமே இல்லை. அழுகைகூட இல்லை. கார்லோட்டா தண்ணீர் கொடுத்தாள், நீ அவளைப் பார்க்கவே இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். மே மாதம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாய். ருஃபோ டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். அதை அவர் கண்ணெதிரே கிழித்தேன். ஆட்டத்தில் தோற்றோம், அதுவும் உன்னால்தான்.

நான் உன்மேல் கொலைவெறியில் இருக்கிறேன். பதில் எழுது. இந்தத் தடவை அம்மா அப்படி வளர்த்தாள், இப்படி வளர்த்தாள் என்று பூசி மெழுகாதே.

எதெல்


லிமா, 20 ஆகஸ்ட்

எதெல்,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. தப்பிருந்தாலும் அனுப்பிவிடுவேன்.

யார் போர்த்தியது என்று கேட்டாய். அம்மா.

1989இல். எனக்கு அப்போது நாற்பத்தேழு. கல்லீரல் கோளாறு என்று உங்களுக்கெல்லாம் சொன்னோம். கல்லீரலும் இல்லை, ஒன்றும் இல்லை. உனக்கு வந்தது எனக்கும் வந்தது. அம்மா தார்மாவிலிருந்து வந்து என்னைப் பின்னறையில் வைத்தாள். ஜன்னலில் ஆணி அடித்துக் கம்பளி மாட்டினாள். நீ ஏழு வாரம் என்கிறாய். நான் பதினொரு மாதம். "எதெலுக்குச் சொல்லாத, பயந்துருவா" என்றாள். நான் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். திட்டுவதானால் திட்டு.

என் புருஷன் அந்தோலின் இன்னொருத்தியோடு ஓடிப்போனார் என்று சொன்னதும் பொய். அவர் எங்கும் ஓடவில்லை. தினமும் காலையில் கதவைத் தட்டி, "செனோ, கொஞ்சம் வெளிய வாயேன், ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" என்பார். நான், "போ. என் கண்ணு முன்னால நிக்காத" என்பேன். தினமும். ஒருநாள் அவர் போய்விட்டார். அதற்கும் நான் அழவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ போனதுபோல் இருந்தது.

அறைதான் என்னைக் குணப்படுத்தியது என்று எட்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். உன்னையும் அதே அறைக்குக் கூப்பிட்டேன். ஆடுகளத்தில் நீ என்னைத் தள்ளிய பிறகு, பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் அறையை விட்டு வெளியே வந்தது குணமாகி இல்லை. அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள், மகன் அப்போது வெளியூரில், தண்ணீர் கொண்டுவர வீட்டில் வேறு ஆளில்லை, அதனால் வந்தேன். தண்ணீர் லாரி மலையடிவாரத்தில் நிற்கும். வீட்டுக்கு நூற்று அறுபத்திரண்டு படி. இரண்டு வாளி, நாளைக்கு நாலு நடை. முதல் வாரம் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன், லாரிக்காரனைத் திட்டினேன், அம்மாவைத் திட்டினேன், கடவுளையும் விடவில்லை. இரண்டாம் மாதம் வாக்கில் பசித்தது. தூங்கினேன். ஒருநாள் வழியில் யாரோ சொன்ன பேச்சுக்குச் சிரித்தேன்.

நான் அதை அறையின் பலன் என்று எழுதிவைத்துக்கொண்டேன். படிகளை நினைக்கவே இல்லை. தண்ணீர் தூக்குவதை வைத்தியம் என்று யார் நினைப்பார்கள், சொல்! பதினொரு மாதத்தை வீணாக்கினோம், ஒரு மனிதரை விரட்டினோம் என்று ஒப்புக்கொள்ள அம்மாவுக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. அதனால் அந்த அறையைக் கோயிலாக்கிவிட்டோம்.

போன வருடம் வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு தார்மாவுக்கு வந்த இரண்டு தடவை தவிர நான் கீழே இறங்கவே இல்லை, மருமகள்தான் சந்தைக்குப் போகிறாள். உன் கடிதங்கள் வரும்போது நான் எங்கே உட்கார்ந்து படிக்கிறேன் தெரியுமா? அந்தப் பின்னறையில். ஜன்னலில் மறுபடி கம்பளி மாட்டியிருக்கிறேன். நாலு மாதமாயிற்று. உனக்காகத் தயார் செய்த அறை என்றேனே, அதுவும் பொய்.

இதை எழுதியதற்காக உன்மேல்தான் கோபம் வருகிறது.

செனோபியா


தார்மா, 27 ஆகஸ்ட்

அக்கா,

மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் காகிதத்தைக் கசக்கிவிட்டு மறுபடி நீவி எடுத்தேன்.

ஒன்பது வருடம்! நீ ஒரு வரி எழுதியிருந்தால் என் ஏழு வாரம் வீணாகியிருக்காது. நான் செத்துப்போவதைப் பற்றி அமைதியாக யோசித்துக்கொண்டு கிடந்தேனே, அந்த நேரத்தில், "எனக்கும் இப்படித்தான் இருந்தது, எதெல், நீ பைத்தியம் இல்லை" என்று நீ சொல்லியிருக்கலாம். அம்மாமேலும் கோபம்தான். செத்தவளோடு சண்டைபோட முடியாது, அதனால் உன் பங்கையும் அவள் பங்கையும் சேர்த்து நீயே வாங்கிக்கொள். நான் உன்னை மன்னிக்கவில்லை. அந்தோலினைப் பற்றி நான் ஊரெல்லாம் என்னென்ன பேசியிருக்கிறேன் தெரியுமா? என் வாயில் அந்தப் பொய்யைப் போட்டவள் நீ.

கோபம் அப்படியே இருக்கட்டும். இப்போது வேலையைப் பார்.

கம்பளியை இன்றைக்கே கழற்று. நாளைக் காலை அந்தப் படியில் இறங்கு, ஏறு. வாளி வேண்டாம், முதலில் வெறுங்கையோடு. ஒரு நடை போதும். முடியாவிட்டால் பாதி நடை. சந்தைக்கு நீயே போ, உருளைக்கிழங்கை நீயே தூக்கிக்கொண்டு வா. மருமகள் தடுத்தால் எனக்கு எழுது, அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நூரியாவிடம் உன் கடிதத்தின் ஒரு பக்கத்தைக் காட்டினேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. அவள் முகம் மாறிவிட்டது. "நாலு மாசமா ரூம்ல இருக்காங்களா? படி ஏறச் சொல்லுங்க, ஆனா அதோட விட்டுடாதீங்க. அங்க ஒரு டாக்டரை இந்த வாரமே பாக்கணும்" என்றாள். போய்ப் பார்த்துவிட்டுச் சொல். போகாவிட்டால் நான் லிமாவுக்கு வந்து, உங்கள் தெருவே பார்க்க உன்னை இழுத்துக்கொண்டு போவேன். எப்படி என்று நீதான் எனக்குக் காட்டிக்கொடுத்தாயே.

பதினைந்து நாள் ஏறி இறங்கிய பிறகு எழுது. அதற்கு முன்னால் எழுதினால் பிரிக்க மாட்டேன்.

எதெல்


லிமா, 15 செப்டம்பர்

எதெல்,

பதினேழு நாள் ஆயிற்று. டாக்டரைப் பார்த்தேன். ஒரு மருந்து கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். உன் பயமுறுத்தலுக்காகப் போகவில்லை, நானாகத்தான் போனேன்.

முழங்கால் வலிக்கிறது. முதல் நாள் நாற்பதாவது படியில் உட்கார்ந்து உன்னைத் திட்டினேன், வழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது இரண்டு நடை. எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதுபோல் சாப்பாடு ருசிக்கவில்லை. தூக்கம் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. மூன்று நாள் இறங்கவே இல்லை. அப்படியானால் பதினேழு என்பது பதினான்குதான், போதுமா?

நேற்று ஒன்று நடந்தது. ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, வேறு சட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அடியில் மூன்று கடிதம். அந்தோலின் போன பிறகு எழுதியவை. முதல் இரண்டை அம்மா கொண்டுவந்து கொடுத்தபோது நான் பிரிக்காமலே உள்ளே போட்டுவிட்டேன், மூன்றாவதைத் தபால்காரர் கொடுத்தபோதும் பழக்கத்தில் அப்படியே போட்டேன். பிரிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அப்போது. பிரிக்காதே என்று யாரும் சொல்லவில்லை, எதெல், இதை அம்மா தலையில் போட முடியாது.

நேற்றுப் பிரித்தேன். முதல் கடிதம் ஒரு பக்கம், இரண்டாவது பாதிப் பக்கம். மூன்றாவதில் ஒரே வரி: "செனோ, நான் வரட்டுமா?"

தேதி, மே 1990. நான் அப்போது வாளி தூக்கத் தொடங்கி இரண்டு மாதம். சிரிக்க ஆரம்பித்திருந்தேன். ஆமாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தேன்.

அழுதேன். மருமகள் ஓடிவந்தாள், கம்பளியைத் தேடினாள். நான் அவளைத் தள்ளிவிட்டு, அழுகையோடே வாசலுக்கு வந்து மறுபடி படியிறங்கினேன். காற்று நன்றாக அடித்தது. கீழே போய்ச் சேரும்வரை அழுதேன், ஏறும்போதும் அழுதேன். ஒன்பது வருடத்து அழுகை, எதெல், என்னிடமே இருந்திருக்கிறது.

செனோ